சூரியப் படத்தில் டிகிரி எங்கிருந்து வருகிறது

சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் நாசாவின் எஸ்டிஓ செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்க்காதவர்கள் இப்போது குறைவு. தங்க நிறத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. கீழே "10 லட்சம் டிகிரி", "60 லட்சம் டிகிரி" என்று குறிப்பு இருக்கும், அதை அப்படியே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுகிறோம். நிறம் மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பூசியது என்பது பலருக்கும் தெரியும். புறஊதா ஒளிக்கு நம் கண்ணுக்குத் தெரிகிற நிறம் கிடையாது, சேனலுக்கு, அதாவது கருவி பார்க்கும் ஒவ்வொரு குறுகிய அலைநீளப் பட்டைக்கும், ஒரு நிறம் என்று அடையாளத்துக்காக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த டிகிரி? அதையும் கருவி நேராக அளக்கவில்லை. கேமராவுக்குத் தெரிந்தது ஒரு பிக்சலில் பட்ட ஒளிக்கு எத்தனை எண் ஏறியது என்பது மட்டுமே. அந்த எண்ணிலிருந்து டிகிரிக்கு வரும் பாதை நீளமானது, அதில் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள், கணக்குப் போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் ஊகித்தும் இருக்கிறார்கள். அந்தப் பாதையைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கிறேன். வேலை சூரியப் படத் தரவுகளோடு. சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போவதுண்டு. 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்து, கேப் பகுதியில் ஹெர்மானஸ் வரைக்கும் தென்துருவ ஒளி தெரிந்ததே, அதற்குப் பிறகு கோயில் மண்டபத்தில் ஒரு மாலை இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். படங்களைப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள், பூமி எரிந்துவிடுமா, போன் வேலை செய்யாதா என்று. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்தார். டோங்காட் பக்கம் சர்க்கரை ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழும் ஆங்கிலமும் கலந்து அவர் கேட்டது இதுதான்: "அம்மா, நாங்க சாறுல சர்க்கரை எவ்வளவுன்னு பிரிக்ஸ் பார்க்கிறதுக்கு முன்னாடி, தெரிஞ்ச சர்க்கரைக் கரைசலை ஊத்தி மீட்டர் சரியா காட்டுதான்னு பார்ப்போம். இருபது டிகிரிக்குத் திருத்தமும் போடுவோம். இந்தத் தொலைநோக்கிக்கு அந்தக் கரைசல் எது?"

எனக்குத் தெரிந்து ஒரு பொதுக்கூட்டத்தில் இந்தத் துறை பற்றிக் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது. மண்டபத்தில் இரண்டு நிமிடத்தில் சொன்ன பதில் போதாது. அதனால் இங்கே விரிவாக.

முதலில் ஒரு தெளிவு. எண்ணிலிருந்து டிகிரிக்கு வரும் பாதையின் நடுவில் இருப்பதற்கு வெப்பநிலை ரெஸ்பான்ஸ் என்று பெயர். அதைக் கேட்டதும் கருவி சூடானால் என்ன ஆகும் என்பதைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே கேள்வி சூரியனில் இருக்கும் பிளாஸ்மாவின், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்த சூடான வாயுவின், வெப்பநிலை பற்றியது. இந்த வெப்பநிலையில் இவ்வளவு பிளாஸ்மா இருந்தால், இந்தச் சேனலில் ஒரு பிக்சலில் ஒரு நொடிக்கு எத்தனை எண் விழும்? வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொன்றுக்கும் இந்த விடையைக் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். சேனலுக்கு ஒன்று. அதுதான் வெப்பநிலை ரெஸ்பான்ஸ்.

எஸ்டிஓ 2010 பிப்ரவரி 11 அன்று ஏவப்பட்டது. அதில் இருக்கும் ஏஐஏ என்ற படமெடுக்கும் கருவியில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள நான்கு தொலைநோக்கிகள், ஏழு தீவிரப் புறஊதா சேனல்கள்: 94, 131, 171, 193, 211, 304, 335. எல்லாம் ஆங்ஸ்ட்ராமில் அலைநீளம், 10 ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தால் ஒரு நானோமீட்டர். 12 நொடிக்கு ஒரு சுற்று, படத்துக்கு 4096-க்கு 4096 பிக்சல், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் எண்கள். 304-ஐத் தவிர மற்ற ஆறும் பெரும்பாலும் இரும்பின் ஒளியைப் பார்ப்பவை. சூடு ஏற ஏற இரும்பு அணு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழக்கிறது, ஒவ்வொரு நிலையிலும் வேறு வேறு அலைநீளத்தில் ஒளிர்கிறது. 8 எலக்ட்ரான் இழந்த இரும்பு 171-இல் தெரிகிறது, அது 6 முதல் 8 லட்சம் டிகிரி வாக்கில் இருக்கும். 11 இழந்தது 193-இல், 15 லட்சம் டிகிரிக்குப் பக்கம். 13 இழந்தது 211-இல், 20 லட்சம். 15 இழந்தது 335-இல், 25 லட்சம். 17 இழந்தது 94-இல், 70 லட்சம். 20 இழந்தது 131-இல், ஒரு கோடிக்கு மேல்.

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா லட்சக்கணக்கான டிகிரி என்பதே மனிதர்களுக்கு இப்படித்தான் தெரியவந்தது. 1869 கிரகணத்தின்போது கொரோனாவில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பூமியில் இருக்கும் எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை, புதிய தனிமம் என்று நினைத்துக் கொரோனியம் என்று பெயர்கூட வைத்தார்கள். எழுபது ஆண்டுக்குப் பிறகு குரோட்ரியன், எட்லேன் என்ற இயற்பியலாளர்கள்தான் அது 13 எலக்ட்ரான் இழந்த சாதாரண இரும்பு என்று கண்டுபிடித்தார்கள். இரும்பு அந்த நிலைக்கு வர வேண்டுமானால் வெப்பம் பத்து லட்சக்கணக்கில் இருந்தாக வேண்டும். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, டிகிரி அணு இயற்பியல் வழியாகத்தான் வருகிறது. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கருவிப் பக்கத்துக்கு வருவோம். ஒளி முதலில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைக் கடக்கிறது. அலுமினியம் அல்லது ஜிர்கோனியம், ஊதினால் கிழியும் மெல்லிசு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியே நிறுத்தத்தான் அது. அப்புறம் இரண்டு கண்ணாடிகள், அப்புறம் இன்னொரு வடிகட்டி, கடைசியில் சிசிடி, அதாவது ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றிப் பிடிக்கும் கேமராச் சில்லு. கண்ணாடி என்றால் வெறும் பளபளப்பான பரப்பு கிடையாது. இந்த அலைநீளங்களில் சாதாரணக் கண்ணாடி எதையும் நேராகத் திருப்பி அனுப்பாது. மாலிப்டினம், சிலிக்கான் மாதிரி இரண்டு பொருள்களை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். 171-க்கு ஓர் இணை அடுக்கின் தடிமன் 9 நானோமீட்டர் அளவில் வரும். இந்தத் தடிமனில் சிறு வேறுபாடு வந்தாலும் கண்ணாடி பிரதிபலிக்கும் அலைநீளம் நகர்ந்துவிடும். 335 சேனலின் பட்டை 16 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் அகலம், அங்கே கொஞ்சம் நகர்ந்தால் தாங்கும். 94 சேனலின் பட்டை 1 ஆங்ஸ்ட்ராமுக்கும் சற்றுக் குறைவு. அங்கே அரை ஆங்ஸ்ட்ராம் என்பதே பெரிய விஷயம், ஏனென்றால் பார்க்க வேண்டிய கோடு பட்டையின் உச்சியில் இருக்கிறதா சரிவில் இருக்கிறதா என்பதே மாறிவிடும்.

கண்ணாடிகளின் பிரதிபலிப்பை பெர்க்லியில், வேகமாகச் சுற்றும் எலக்ட்ரான்களிலிருந்து ஒளி எடுக்கும் சின்க்ரோட்ரான் ஒளிக்கூடத்தில் அளந்தார்கள். வடிகட்டி எவ்வளவு ஒளியை விடுகிறது என்பதும் சிசிடி எவ்வளவு பிடிக்கிறது என்பதும் தனித்தனியாக அளக்கப்பட்டவை. எல்லாவற்றையும் பெருக்கினால் ஒவ்வோர் அலைநீளத்திலும் கருவிக்கு எவ்வளவு பயனுள்ள பரப்பு இருக்கிறது, அதாவது வரும் ஒளியில் எவ்வளவைப் பதிவாக்கும் என்று வரும். சிசிடி பக்கம் கணக்கு அழகாக இருக்கும். 171 ஆங்ஸ்ட்ராம் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் சுமார் 72 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்க 3.65 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆக ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 20 எலக்ட்ரான். ஏஐஏ கேமராவில் 18 எலக்ட்ரானுக்குப் பக்கத்தில் இருந்தால் ஓர் எண் ஏறும். 171 படத்தில் நாம் பார்க்கும் எண்கள் கிட்டத்தட்ட ஃபோட்டான்களின் எண்ணிக்கையேதான். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்த ஒளித்துகள்களை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் தனித்தனியாக அளந்த உறுப்புகளைப் பெருக்கினால் தனித்தனிப் பிழைகளும் சேர்ந்தே வரும். 2012-இல் போயர்னரும் குழுவினரும் வெளியிட்ட முதல் அளவுத்திருத்தக் கட்டுரையில் இந்தப் பெருக்கலின் துல்லியம் 25 சதவீத அளவில் என்று சொன்னார்கள். முழுக் கருவியையும் அப்படியே ஒரு தெரிந்த ஒளிக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் இதைக் குறைக்கலாம். அதைத்தான் ஐயா கரைசல் என்று கேட்டார்.

பதில் இதுதான் ஐயா: கரைசல் இருக்கிறது, ஆனால் அதை ஊற்றியது பக்கத்து மீட்டரில். எஸ்டிஓவிலேயே ஈவ் என்று இன்னொரு கருவி இருக்கிறது. அது படம் எடுக்காது, முழுச் சூரியனின் ஒளியையும் சேர்த்து அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும். அந்த ஈவை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டின் சர்ஃப் என்ற எலக்ட்ரான் வளையத்தில் வைத்து அளவு பார்த்தார்கள். வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்களின் ஆற்றலும் எண்ணிக்கையும் காந்தப்புலமும் தெரிந்தால் அது என்ன ஒளி விடும் என்பதைக் கணக்கிலேயே போட்டுவிடலாம், வேறொரு விளக்கோடு ஒப்பிட வேண்டிய அவசியமில்லை. இந்தத் துறையில் தெரிந்த கரைசல் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

அப்புறம் ஒப்பீடு எளிது. ஈவ் தந்த நிறமாலையை ஏஐஏவின் பயனுள்ள பரப்போடு பெருக்கினால் இன்றைக்கு 171 படத்தில் மொத்தம் எவ்வளவு எண் வர வேண்டும் என்று தெரியும். படத்தில் உண்மையாக வந்ததைக் கூட்டிப் பார். இரண்டின் விகிதம்தான் திருத்தம். அந்த விகிதத்தை நாள்தோறும் குறித்துக்கொண்டே போனால் கருவிக்கு எவ்வளவு வயதாகிறது என்பதும் தெரியும். ஈவுக்கும் வயதாகுமே? ஆகும். அதனால் அதே மாதிரி ஒரு கருவியைப் பூமியில் வைத்திருக்கிறார்கள். அதை மறுபடி சர்ஃபில் அளந்து, நியூ மெக்சிகோவில் வொயிட் சாண்ட்ஸிலிருந்து ராக்கெட்டில் அனுப்பி, காற்றுமண்டலத்துக்கு மேலே கிடைக்கும் சில நிமிடங்களில் சூரியனை அளந்து, அதை வைத்து மேலே இருப்பதைத் திருத்துகிறார்கள். சில நிமிட அளவீட்டுக்காக ஒரு ராக்கெட். இந்த உழைப்புக்கு யாரும் கைதட்டுவதில்லை, படத்தைப் பார்த்துத்தான் கைதட்டுகிறோம்.

2014 மே மாதக் கடைசியில் ஈவின் முக்கியமான பாகம் பழுதாகி நின்றுபோனது. 6 முதல் 37 நானோமீட்டர் வரை பார்த்த பகுதி அது, ஏஐஏவின் ஏழு சேனல்களும் அதற்குள்தான். அன்றிலிருந்து நாள்தோறும் பக்கத்திலேயே நின்று சரிபார்த்த கண் போய்விட்டது. ராக்கெட் பயணங்களும் மற்ற கருவிகளின் அளவீடுகளும் இடைவெளியை நிரப்புகின்றன. படங்களையே கற்கவிட்டு உணர்திறன் இழப்பை ஊகிக்கும் கணினி முறைகளும் வந்திருக்கின்றன. அவை நல்ல முயற்சி. ஆனாலும் 2010 முதல் 2014 மே வரையிலான தரவின்மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை அதற்குப் பிந்தைய தரவின்மேல் இல்லை, இதைத் திறந்தே சொல்கிறேன்.

வயதாகிறது என்றேனே, அது எப்படி? கருவியின் பசை, கம்பி உறை, பெயின்ட் இவற்றிலிருந்து கரிம ஆவி மெல்லக் கசியும். குளிர்ச்சியான இடத்தில் போய் ஒட்டும். அங்கே சூரியனின் புறஊதா பட்டதும் கெட்டிப்பட்டுப் படலமாகிவிடும். சிசிடிதான் கருவியிலேயே குளிர்ந்த இடம், அதனால் அதற்குத்தான் ஆபத்து அதிகம். 1995-இல் போன சோஹோ என்ற சூரிய விண்கலத்தின் ஈஐடி கருவியில் சிசிடியைச் சூடேற்றி அழுக்கை ஆவியாக்கும் வேலையை வழக்கமாகச் செய்ய வேண்டியிருந்தது. ஜப்பானின் ஹினோடே செயற்கைக்கோள் 2006-இல் போனது, அதன் எக்ஸ்ரே தொலைநோக்கியிலும் இதே கதை. ஏஐஏவில் 304 சேனல்தான் அதிகம் அடிபட்டது, தொடக்கத்தில் இருந்த உணர்திறனில் பெரும்பகுதி போய்விட்டது. 335-உம் நன்றாக இழந்திருக்கிறது. 171 அந்த அளவுக்கு இழக்கவில்லை.

இதில்தான் வம்பு. எல்லாச் சேனலும் ஒரே வேகத்தில் மங்கினால் வெப்பநிலைக் கணக்கு பெரிதாகப் பாதிக்கப்படாது, ஏனென்றால் வெப்பநிலை சேனல்களின் விகிதத்திலிருந்து வருகிறது. 335 வேகமாக மங்கி 171 மெதுவாக மங்கினால், திருத்தம் போடாத கணக்கில் சூரியன் ஆண்டுக்கு ஆண்டு குளிர்ந்துகொண்டே போகும். அதோடு சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுச் சுழற்சிகளில் ஏறி இறங்கும், அதில் 24-ஆம் சுழற்சி 2014-இல் உச்சம் தொட்டு 2019 கடைசி வரை உண்மையாகவே இறங்கியது, கொரோனாவில் சூடான பகுதிகள் உண்மையாகவே குறைந்தன. கருவியின் இறக்கமும் சூரியனின் இறக்கமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. இரண்டையும் பிரிக்காமல் பத்தாண்டுப் போக்கு என்று ஒரு கோடு வரைந்து காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். திருத்தக் கோப்பு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானில் ஏஐஏபை என்ற தொகுப்பில் தேதியைக் கொடுத்தால் திருத்தக் காரணி வந்துவிடும். போடாமல் விட ஒரு காரணமும் இல்லை.

இது வரைக்கும் சொன்னது கருவியின் பாதி. மறு பாதி அணுக்களுடையது, என் கருத்தில் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

ஒரு டிகிரியில் இருக்கும் பிளாஸ்மா எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளிரும் என்பதைக் கியாண்டி என்ற தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறோம். 1990-களிலிருந்து வளர்ந்துவரும் தொகுப்பு, உலகம் முழுக்கச் சூரிய ஆய்வாளர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதில் இருக்கும் கோடுகள் கணக்கில் வரும். இல்லாத கோடுகள் வராது, ஆனால் சூரியன் அவற்றிலும் ஒளிரத்தான் செய்யும். ஏஐஏ வந்த புதிதில் 94 சேனலில் இதுதான் நடந்தது. அமைதியான பகுதிகளில், 70 லட்சம் டிகிரிக்கு வாய்ப்பே இல்லாத இடங்களில், கணக்கில் வர வேண்டியதைவிட அதிக வெளிச்சம். கருவி கெட்டதா? கொரோனாவில் நாம் அறியாத சூடான பிளாஸ்மா எங்கும் பரவிக் கிடக்கிறதா? இரண்டாவது உண்மையென்றால் கொரோனா ஏன் இவ்வளவு சூடு என்ற பழைய கேள்விக்கே விடை கிடைத்த மாதிரி, அதனால் ஆசை அந்தப் பக்கம் இழுத்தது. ஆராய்ந்து பார்த்தால் 94-இன் பட்டைக்குள் பத்து லட்சம் டிகிரி வாக்கிலும் அதற்கு மேல் கொஞ்சத்திலும் ஒளிரும் இரும்புக் கோடுகள் இருந்தன, தரவுத்தளத்தில் விடுபட்டிருந்தன. முதலில் அவசரத்துக்கு அனுபவத் திருத்தம் ஒன்றைச் சேர்த்தார்கள். 2013 வாக்கில் வந்த கியாண்டி 7.1 பதிப்பில் இந்த அலைநீளப் பகுதிக்குப் பல புதிய கோடுகள் சேர்ந்தன.

இந்தக் கதையை நான் வகுப்பில் எப்போதும் சொல்கிறேன். படத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எண்ணில் மாற்றமில்லை, சூரியனிலும் மாற்றமில்லை. கணினியில் ஒரு பட்டியல் நீண்டது, அந்த இடத்தின் டிகிரி மாறிவிட்டது.

94-ஐ வைத்துச் சூடான பிளாஸ்மாவைத் தேடுபவர்களுக்குக் கேம்பிரிட்ஜின் ஜூலியோ டெல் ஸன்னா 2013-இல் ஓர் எளிய வழி சொன்னார். 94 படத்தின் எண்ணிலிருந்து, 211 படத்து எண்ணில் 120-இல் ஒரு பங்கையும் 171 படத்து எண்ணில் 450-இல் ஒரு பங்கையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 17 எலக்ட்ரான் இழந்த இரும்பின் ஒளி. பிள்ளைகள்கூடச் செய்துபார்க்கலாம். செய்துபார்த்தால் கண்ணெதிரே படம் காலியாகும், செயல்மிகு பகுதிகளின் நடு மட்டும் மிஞ்சும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த 120-உம் 450-உம் கருவி புதிதாக இருந்த காலத்துக்கு உரியவை. நேற்றைய படத்தில் அப்படியே போடாதீர்கள், முதலில் சேனல் சேனலாக வயதுத் திருத்தத்தைப் போட்டுவிட்டு அப்புறம் கழியுங்கள்.

94 மட்டும்தான் இப்படி என்றில்லை. 193-இன் ரெஸ்பான்ஸ் வளைகோட்டில் 15 லட்சத்துக்கு ஒரு மேடு இருக்கிற மாதிரியே 2 கோடி டிகிரிக்கும் ஒரு மேடு உண்டு, 23 எலக்ட்ரான் இழந்த இரும்பு. 131-இல் 4 லட்சத்துக்கு ஒன்று, ஒரு கோடிக்கு மேல் ஒன்று. அதனால் "131 என்றால் ஒரு கோடி டிகிரி" என்று எழுதுவது பாதி சரி, சுடர்வெடிப்பு நடக்கும்போது மட்டும் சரி. 335-இல் இன்னொரு தொல்லை, ஒரே தொலைநோக்கியை 335-உம் 131-உம் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதால் மறுபாதியில் இருக்கும் 131-இன் ஒளி கொஞ்சம் கசிந்து கலக்கிறது. படத்துக்குக் கீழே ஒற்றை டிகிரி போட்டுப் பரப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதெல்லாம்தான் காரணம்.

இந்த ஆறு சேனல்களையும் சேர்த்து வைத்து, எந்த வெப்பநிலையில் எவ்வளவு பிளாஸ்மா இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போடும் முறைகள் இருக்கின்றன. ஹன்னா, கோன்டார் இருவரும் 2012-இல் ஒன்று தந்தார்கள், 2015-இல் மார்க் சியுங்கின் குழு இன்னொன்று. ஆறு எண்களிலிருந்து ஒரு முழு வளைகோட்டை மீட்க வேண்டும், ஆகவே ஒரே தரவுக்குப் பல விடைகள் பொருந்தும். ரெஸ்பான்ஸில் 20 சதவீதம் தவறு இருந்தால் விடையிலும் 20 சதவீதம்தான் தவறும் என்று எண்ணிவிட முடியாது, சில இடங்களில் இல்லாத ஒரு சூடான வாலே முளைத்துவிடும்.

அப்புறம் இரும்பின் அளவு. கொரோனாவில் இரும்பு மாதிரி எளிதில் அயனியாகும் தனிமங்கள் சூரியப் பரப்பில் இருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுகின்றன, எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் இல்லை. ரெஸ்பான்ஸ் போடும்போது எந்த அளவைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பிளாஸ்மாவின் அளவு நான்கு மடங்கு வரை மாறும். நல்லவேளை, இரும்புக் கோடுகள் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்குவதால் வெப்பநிலை அவ்வளவாக மாறாது. அதனால்தான் ஏஐஏ தரும் வெப்பநிலையை நான் ஓரளவு நம்புகிறேன், அது தரும் அடர்த்தியை எப்போதும் இரண்டாம் முறை பார்ப்பேன்.

நம் நாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹெர்மானஸில் இருக்கும், தென்னாப்பிரிக்க விண்வெளி நிறுவனமான சான்சாவின் விண்வெளி வானிலை மையம் 2022 நவம்பரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. அங்கே இருக்கும் காந்தவியல் நிலையம் முதலில் கேப் டவுனில்தான் இருந்தது. ரயில்களை மின்மயமாக்கியதும் அந்த மின்சாரம் காந்த அளவீட்டைக் கெடுத்ததால், 1941-இல் ஹெர்மானஸுக்கு மாற்றினார்கள். அளவீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு நிலையத்தையே ஊர் மாற்றிய நாடு இது. 2023-இல் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டரில் ஓடும் மடிக்கணினியில் சூரியப் படங்களை இறக்கிக்கொண்டிருந்த நாட்களில் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன், வேலை செய்யத் தெம்பாக இருக்கும்.

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், "அக்கா, ஆதித்யா எல்-1 படத்துக்கும் இதே கணக்குதானா?" நல்ல கேள்வி. ஆதித்யா 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது, திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர், அதைச் சொன்னதும் வகுப்பில் பிள்ளைகள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் சூட் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை 11 வடிகட்டிகளில் படம் எடுக்கிறது. அழுக்குப் படியும் பயம் அதற்கும் உண்டு. ஆனால் வெப்பநிலை ரெஸ்பான்ஸ் என்று ஏஐஏவுக்குப் போடும் வளைகோட்டை அதற்கு அப்படியே போட முடியாது. கொரோனா கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் வாயு, உள்ளே எங்கே பிறந்த ஒளியும் நேராக வெளியே வந்துவிடும், கூட்டிக்கொள்ளலாம். சூட் பார்ப்பது கீழே இருக்கும் அடர்ந்த அடுக்குகளை. அங்கே ஒளி உறிஞ்சப்பட்டு, மறுபடி உமிழப்பட்டு, திசை மாறித்தான் வெளியே வருகிறது. படத்தின் ஓர் எண் ஒரு வெப்பநிலையைச் சொல்வதில்லை, ஒரு முழு அடுக்கின் வரலாற்றைச் சொல்கிறது. ஏஐஏவின் 304 சேனலை வெப்பநிலைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் இதே காரணத்தால்தான்.

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதை எடுத்துச் செய்யப் போகிறோம் என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். செய்யுங்கள். படம் ஒவ்வொன்றின் கீழும் எடுத்த தேதி, வயதுத் திருத்தக் கோப்பின் பதிப்பு, கியாண்டியின் பதிப்பு, இரும்பின் அளவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள், டிகிரியை அதற்கு அப்புறம் எழுதுங்கள். முதல் பயிற்சிக்கு 2011 பிப்ரவரி 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 24-ஆம் சுழற்சியின் முதல் எக்ஸ் வகைச் சுடர்வெடிப்பு, அதாவது மிக வலிமையான வகை, அன்றுதான். 193-இலும் 131-இலும் இரண்டாவது மேடு உயிர் பெறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈவ் அப்போது முழுதாக வேலை செய்துகொண்டிருந்தது, கருவிக்கு ஒரு வயதுதான், சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு. இன்டர்நெட் மெதுவாக இருந்தால் முழுப் படத்தை இறக்காமல் வெடிப்பு நடந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தரச் சொல்லும் வசதி ஸ்டான்ஃபோர்டின் தரவுத் தளத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மடிக்கணினியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே செய்வோம்.